பழைய ஆகாயப் படத்தை வைத்துப் பனியாறு இளைத்ததை எப்படி அளக்கிறார்கள்?

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அடிக்கடி சுற்றி வரும் படம் ஒன்று உண்டு. இடப்பக்கம் கறுப்பு வெள்ளையில் மலையிடுக்கை அடைத்துக் கிடக்கும் பனி. வலப்பக்கம் அதே இடம், வண்ணத்தில், பனி கிடந்த இடத்தில் ஓர் ஏரி. கீழே ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு வரி. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை மேசைகளில் அந்தப் படம் வந்தால் பேச்சு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். “உலகம் முடியப்போவுதுண்ணே” என்பார் ஒருவர். “அது குளிர்காலத்துல எடுத்தது, இது வெயில்காலத்துல எடுத்தது, அவ்வளவுதான்” என்பார் இன்னொருவர். சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் விஞ்ஞானிகளும் இப்படி இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள் என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். அதுதான் விவாதத்தைக் கெடுக்கிறது. அவர்கள் படத்திலிருந்து உயரத்தை அளக்கிறார்கள்.

செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே டிரோன் பறக்கவிட்டு, மரம் எண்ணி, வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதில் பயன்படும் கணக்குதான் 1930-களில் எடுத்த பனிமலைப் படங்களிலும் பயன்படுகிறது. ஐந்தாம் படிவம் படிக்கும் என் அக்காள் மகள் ஒருநாள் கேட்டாள்: “மாமா, படம் தட்டையாத்தானே இருக்கு. அதைப் பார்த்து ஐஸ் எவ்வளவு உருகிச்சுன்னு எப்படிச் சொல்றாங்க?” கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில், பனியாறு என்றால் என்ன?

தன் எடையாலேயே மெல்ல நகரும் நிலத்துப் பனிக்கட்டியைத்தான் பனியாறு என்கிறோம். உயர்ந்த மலைகளில் ஆண்டுதோறும் விழும் பனி முழுவதும் உருகிவிடாமல் மிஞ்சினால், புதியது பழையதை அமுக்கும். பல ஆண்டுகளில் உள்ளிருக்கும் காற்று வெளியேறி அது இறுகிக் கட்டியாகும். போதிய கனம் சேர்ந்ததும் சரிவில் இறங்கத் தொடங்கும். மேல்பகுதியில் பனி சேர்ந்துகொண்டே இருக்கும், கீழ்ப்பகுதியில் கரைந்துகொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருக்கும்வரை நுனி ஒரே இடத்தில் நிற்கும்.

கரைவது அதிகமானால் நுனி மேலே ஏறிப்போகும். ‘பனியாறு பின்வாங்குகிறது’ என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பனி மலை மேல் திரும்பிப் போவதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பனி எப்போதும் கீழ்நோக்கித்தான் வருகிறது. வரும் வேகத்தைவிடக் கரையும் வேகம் கூடும்போது அது இருந்த இடம் வெறும் பாறையாகிறது.

கடலில் மிதக்கும் பனி வேறு சங்கதி. அது ஏற்கெனவே தண்ணீரில் இருப்பதால் உருகினாலும் கடல்மட்டத்தை ஏற்றுவதில்லை என்றே சொல்லலாம். நிலத்துப் பனி அப்படியல்ல. சுமார் 360 பில்லியன் டன் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகம் முழுவதும் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் ஏறும். எத்தனை டன் போயிற்று என்று தெரிய வேண்டியது இதனால்தான். பனி பரவியிருக்கும் பரப்பை மட்டும் பார்த்தால் டன் கணக்கு வராது. மேற்பரப்பு எவ்வளவு தாழ்ந்தது என்பதும் வேண்டும்.

தட்டைப் படத்தில் உயரம் எங்கிருந்து வந்தது?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சாலையோரத்துச் செம்பனை மரங்கள் விர்ரென்று பின்னால் ஓடும். அதற்கப்பால் நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் மெல்ல நகரும். அதற்கும் பின்னாலிருக்கும் பெரிய மலைத்தொடர் நம்மோடு கூடவே வருவதுபோல் இருக்கும். எதுவும் நகரவில்லை, நகர்வது நாம்தான். நாம் நகரும்போது பக்கத்துப் பொருள் அதிகமாகவும் தூரத்துப் பொருள் குறைவாகவும் இடம் மாறித் தெரிகிறது. இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

அந்தச் சன்னலைக் கீழே திருப்பி ஒரு விமானத்தின் வயிற்றில் வைத்துவிடுங்கள். விமானம் நேர்கோட்டில் பறந்தபடி இத்தனை விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போகிறது. இப்போது மலை உச்சிதான் சாலையோரத்து மரம், ஏனென்றால் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். பள்ளத்தாக்கின் அடி, தூரத்து மலை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போது உச்சி அதிகமாக இடம் மாறும், பள்ளம் குறைவாக மாறும். எந்தப் புள்ளி எவ்வளவு மாறியது என்று அளந்தால் அதன் உயரம் வந்துவிடும்.

ஒரே இடம் இரண்டு படங்களிலாவது விழுந்திருந்தால்தான் இது நடக்கும். அதனால் அளவைக்காகப் பறக்கும் விமானங்கள் ஒரு படத்தின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு அடுத்த படத்திலும் வரும்படி எடுக்கும். இதை மேற்பொருந்தல் என்பார்கள். எங்கள் டிரோன் வேலையில் இதைவிடவும் அதிகமாக வைப்போம். ஒரே ஒரு படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதிலிருந்து உயரத்தை எடுப்பது கடினம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அளவைக் கேமராவின் படம் வழக்கமாக 23 சென்டிமீட்டர் சதுரம். 60 விழுக்காடு பொருந்தினால் அடுத்தடுத்த இரண்டு படங்களின் மையங்கள் படத்தின் அளவில் 9.2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். விமானம் நிலத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 30 மீட்டர் உயர வித்தியாசம் படத்தில் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடமாற்றமாகத் தெரியும். ஏறத்தாழ பத்து மாடிக் கட்டட உயரம், படத்தில் ஒரு பென்சில் கோட்டின் கனம்! அதனால்தான் ஃபிலிம் ஈரத்திலோ வெப்பத்திலோ 0.1 மில்லிமீட்டர் சுருங்கினால்கூட உயரக் கணக்கில் 3 மீட்டர் பிசகிவிடும்.

இந்தப் பிசகைப் பிடிக்க ஒரு வழியைப் படத்திலேயே வைத்திருந்தார்கள். நல்ல அளவைப் படம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஓரங்களிலோ மூலைகளிலோ இருக்கும் சின்னச் சின்னக் குறிகள். சில கேமராக்களில் ஓரத்தில் கடிகாரமும் பட எண்ணும்கூடப் பதிவாகும். அந்தக் குறிகள் கேமராவின் சட்டத்தில் செதுக்கப்பட்டவை, அவற்றுக்கு இடையே உள்ள தூரம் தெரிந்தது. ஃபிலிம் சுருங்கியிருந்தால் அந்தத் தூரமும் சுருங்கியிருக்கும். அதைக் கொண்டு முழுப் படத்தையும் நிமிர்த்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் கணினியின் வேலை. இரண்டு படங்களிலும் ஒரே பாறை, ஒரே விரிசல், ஒரே அழுக்குக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று இலட்சக்கணக்கான புள்ளிகளைத் தேடிப் பொருத்துகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் கிடைக்கிறது. இப்படி நிலப்பரப்பு முழுவதையும் உயர எண்களாக மாற்றிய அட்டவணைதான் உயர மாதிரி. பழைய படங்களிலிருந்து ஓர் உயர மாதிரி, புதிய படங்களிலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மேற்பரப்பு எங்கே எத்தனை மீட்டர் தாழ்ந்தது என்பது தெரிந்துவிடும்.

அக்காள் மகளுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். பனி எவ்வளவு தடிமன் என்று இந்தப் படங்கள் சொல்லா. பனிக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. மேற்பரப்பு எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் அவை சொல்லும். எவ்வளவு உருகிச்சு என்ற கேள்விக்கு அது போதும்.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த படங்கள் இருந்தால் இடமாறு தோற்றத்தை அளந்து உயரம் கண்டுபிடிக்கலாம். இரண்டு காலத்து உயர மாதிரிகளைக் கழித்தால் பனி இளைத்த அளவு கிடைக்கும்.

பாறைதான் சாட்சி

‘அந்தக் காலத்துப் படம், அதை எப்படி நம்புவது?’ என்ற கேள்வி நியாயமானது. என் பார்வையில் இந்த முறையின் அழகே இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

பனியாற்றைச் சுற்றிப் பனி மூடாத பாறை எப்போதும் இருக்கும். நூறு ஆண்டுகளில் அந்தப் பாறை ஏறுவதும் இறங்குவதும் நம் அளவுக்கு ஒன்றுமில்லை. அதனால் இன்று துல்லியமாக இடமும் உயரமும் தெரிந்த ஒரு பாறைமுனையைப் பழைய படத்திலும் கண்டுபிடித்து, ‘இது இன்ன உயரம்’ என்று கணக்குக்குச் சொல்லிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட புள்ளிகளுக்கு நிலக் குறிப்புப் புள்ளி என்று பெயர். பழைய உயர மாதிரி சரியான இடத்தில் வந்து உட்காருவது இவற்றால்தான்.

பிறகு சோதனை. குறிப்புப் புள்ளியாகப் பயன்படுத்தாத மற்றப் பாறைப் பகுதிகளில் பழைய உயரத்தையும் புதிய உயரத்தையும் கழித்துப் பார்ப்பார்கள். பூச்சியம் வர வேண்டும். சரியாகப் பூச்சியம் வராது, ஒரு மீட்டரோ சில மீட்டரோ முன்பின்னாக வரும். அந்த மிச்சம்தான் அந்த ஆய்வின் பிழை அளவு. பாறையில் 5 மீட்டர் பிசகு காட்டும் கணக்கு, பக்கத்துப் பனியில் 60 மீட்டர் இறக்கம் காட்டினால் அது உண்மையான இறக்கம். பனியில் 4 மீட்டர் இறக்கம் என்று காட்டினால் அங்கே ஒன்றும் சொல்ல முடியாது. ‘கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் பண்ணலாம்’ என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பாறையைத்தான்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. புதுப்பனி மூடிய மேட்டுப்பகுதி வெள்ளைவெளேரென்று இருக்கும். பொருத்திப் பார்க்க ஓர் அடையாளமும் இருக்காது, கணினி திணறும், அங்கே உயர மாதிரியில் ஓட்டை விழும். செங்குத்து மலைகளின் நிழலிலும் இதே கதை. மாதமும் முக்கியம். கோடை முடியும் சமயத்தில் எடுத்தால் அந்த ஆண்டுப் பனி பெரும்பாலும் கரைந்து உண்மையான பனிக்கட்டி வெளியே தெரியும். கோடை தொடங்கும்போது எடுத்தால் புதுப்பனி எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். ஒட்டுக்கடையில் ‘அது குளிர்காலம், இது வெயில்காலம்’ என்று சொன்னவர் கேட்டது சரியான கேள்வி. ஆய்வாளர்களும் முதலில் பார்ப்பது படத்தின் தேதியைத்தான்.

மீட்டரை டன்னாக்குவது எளிது. 1 சதுர கிலோமீட்டர் பரப்பு சராசரியாக 1 மீட்டர் தாழ்ந்தால் போன கன அளவு 10 இலட்சம் கன மீட்டர். சுத்தமான பனிக்கட்டி கன மீட்டருக்கு 917 கிலோ. மேலே காற்றடைத்த பழம்பனியும் கலந்திருப்பதால் வழக்கமாக 850 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆக, 8,50,000 டன்.

சுருக்கமாக, அசையாத பாறை பழைய படத்தைச் சரியான இடத்தில் உட்காரவைக்கிறது, பிழை எவ்வளவு என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது. படம் எடுத்த மாதமும் பனியின் அடர்த்தியும் கணக்கில் சேர்ந்த பிறகுதான் முடிவு வருகிறது.

இந்தப் படங்களையெல்லாம் யார், எதற்காக எடுத்தார்கள்?

பருவநிலை மாற்றத்தை நிரூபிக்க யாரும் எடுக்கவில்லை. வரைபடத்துக்காக எடுத்தார்கள், திமிங்கில வேட்டைக்காக எடுத்தார்கள், உளவு பார்க்க எடுத்தார்கள்.

ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளை வரைபடமாக்க நார்வேக்காரர்கள் 1936-லும் 1938-லும் விமானத்தில் பறந்து படம் எடுத்தார்கள். நேர் கீழே பார்த்து எடுத்தவை அல்ல, பக்கவாட்டில் சாய்த்து எடுத்தவை. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இத்தகைய சாய்ந்த படங்களிலிருந்து தீவு முழுவதற்கும் நுணுக்கமான உயரம் எடுப்பது மலைப்பான வேலை. கணினியின் வேகம் வந்தபின் எமிலி கெய்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அந்தப் படங்களில் 5,500-க்கும் மேற்பட்டவற்றைப் பொருத்தி 1,594 பனியாறுகளின் பழைய மேற்பரப்பை மீட்டெடுத்தார்கள். 2022-இல் அது வெளியானது. வெப்பமான பகுதிகளில் பனி எவ்வளவு அதிகம் இளைத்திருக்கிறது என்ற தொடர்பை அந்த நீண்ட பதிவிலிருந்து பிடித்து, இந்த நூற்றாண்டின் இறுதிவரை இளைக்கும் வேகம் 1936 முதல் 2010 வரை இருந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆகும் என்று கணித்தார்கள்.

கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரையை டென்மார்க்காரர்கள் 1930-களில் படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் ஆவணக் கிடங்கில் மறந்துபோய்க் கிடந்தன. அவற்றைக் கொண்டு ஆன்டர்ஸ் பியோர்க் குழு 2012-இல் வெளியிட்ட முடிவில் ஒரு திருப்பம் இருந்தது. 1930-களிலும் அங்கே வெப்பம் கூடியிருந்தது, பனியாறுகள் அப்போதும் வேகமாகப் பின்வாங்கின. நிலத்தில் முடியும் பனியாறுகள் 2000-களைவிட 1930-களில் அதிக வேகமாகவே பின்வாங்கியிருந்தன. கடலில் முடிபவை 2000-களில்தான் அதிக வேகம் காட்டின. நூற்றாண்டின் நடுவில் குளிர்ந்த சில பத்தாண்டுகளில் பல பனியாறுகள் முன்னேறியும் இருக்கின்றன.

இதைவிடவும் எதிர்பாராதது அண்டார்டிகாவிலிருந்து வந்தது. லார்ஸ் கிறிஸ்டென்சன் என்ற நார்வே திமிங்கில வேட்டைக் கப்பல் முதலாளி 1937-இல் கிழக்கு அண்டார்டிகாக் கரைக்குக் கடல்விமானம் அனுப்பி 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கவைத்தார். அவற்றைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வு, அந்தப் பகுதிப் பனியாறுகள் 85 ஆண்டுகளாகப் பெரும்பாலும் நிலையாக இருந்திருக்கின்றன, சில சற்று வளர்ந்தும் இருக்கின்றன என்று காட்டியது. எல்லா இடத்திலும் உருகுகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அளக்கும் முறையாக இருந்தால் இந்த விடை வந்திருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே உருகுகிறது என்று சொல்லும் மற்ற அளவுகளையும் நான் நம்புகிறேன்.

இமயமலைக்குக் கைகொடுத்தவை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள். ஹெக்சகன் என்ற அந்த வரிசை 1970-களில் வானிலிருந்து ஃபிலிமில் படம் எடுத்து, ஃபிலிம் சுருளைக் கூட்டில் வைத்துப் பூமிக்கு அனுப்பும். பாராசூட்டில் இறங்கும் கூட்டை நடுவானில் விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். இரகசியம் நீக்கப்பட்ட பிறகு அந்தப் படங்கள் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. ஜோஷுவா மௌரர் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 2,000 கிலோமீட்டர் நீளத்தில் 650 பனியாறுகளை அளந்தது. 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குச் சராசரியாகக் கால் மீட்டர் அளவுக்குத் தாழ்ந்த பனி, 2000-க்குப் பிறகு அரை மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது.

நம் ஊரும் இந்தக் கதைக்கு அந்நியமல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் விமானப்படையின் 81-ஆம் பிரிவு மலாயாக் காடுகளையும் தோட்டங்களையும் வானிலிருந்து படமெடுத்தது. அந்தப் படையில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் கடைசிப் பணிப் பறப்பே 1954 ஏப்ரல் 1 அன்று ஜொகூர்க் காட்டைப் படமெடுக்கப் போனதுதான். தேடியது கம்யூனிஸ்டுகளின் முகாம்களை. ஆனால் கேமரா எதையும் பிரித்துப் பார்க்காது. அக்காலத்து லயங்கள், பால்மரக் காடுகள், ஆற்றின் வளைவு எல்லாமே அத்தகைய படங்களில் விழும்.

நுனியை மட்டும் பார்த்தால் ஏமாறலாம்

‘அன்றும் இன்றும்’ படங்கள் காட்டுவது பெரும்பாலும் பனியாற்றின் நுனியைத்தான். நுனி சில நேரம் பொய் சொல்லும்.

ஸ்வால்பார்ட்டில் பல பனியாறுகளுக்கு ஒரு குணம் உண்டு. பல பத்தாண்டுகள் சோம்பிக் கிடந்துவிட்டுத் திடீரென்று வேகமெடுத்துச் சில ஆண்டுகளில் கிலோமீட்டர் கணக்கில் முன்னே பாயும். இதைப் பனியாற்றுப் பாய்ச்சல் என்று சொல்லலாம். புதிதாகப் பனி எதுவும் சேர்ந்திருக்காது, மேலே இருந்தது கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். பாய்ச்சலுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைப் பார்ப்பவர் பனியாறு வளர்ந்துவிட்டது என்று சத்தியம் செய்வார். உயர மாதிரியைக் கழித்தால் மேல்பகுதி தாழ்ந்து கீழ்ப்பகுதி உயர்ந்திருப்பது தெரிந்துவிடும்.

இமயமலையில் நேர்மாறான ஏமாற்று. எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு போன்ற பனியாறுகளின் கீழ்ப்பகுதியைக் கல்லும் மண்ணும் மூடியிருக்கின்றன. நுனி பெரிதாக நகர்வதில்லை. படத்தில் மாற்றமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் கற்போர்வைக்கு அடியில் பனி இளைத்து மேற்பரப்பு தாழ்ந்துகொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த இறக்கத்தைப் பிடிக்க உயரத்தைத்தான் அளக்க வேண்டும்.

அண்டை நாட்டுப் பனி

வெப்பமண்டலத்தில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எங்கோ நடப்பது என்று தோன்றலாம். இந்தோனேசியாவின் பாப்புவாவில், 4,884 மீட்டர் உயரமுள்ள புன்சாக் ஜெயா மலையில், நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே பனியாறுகள் இருந்தன. டச்சுக்காரர்கள் கோலைன், டோசி, விசெல் மூவரும் 1936-இல் அங்கே போனார்கள். அவர்களில் விசெல் ஒரு விமானி. 1942-இல் அமெரிக்கர்கள் எடுத்த ஆகாயப் படங்களும் பிறகு பனியாற்று ஆய்வுக்குப் பயன்பட்டன. 1850 வாக்கில் சுமார் 19 சதுர கிலோமீட்டராக இருந்திருக்கும் என்று கணிக்கப்பட்ட அந்தப் பனிப்பரப்பு, 2002-இல் செயற்கைக்கோள் படத்தில் அளந்தபோது 2 சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. மெரன் என்ற பனியாறு 2000-க்குள் முழுவதுமாகப் போய்விட்டது.

நம் கினபாலு மலை உச்சியிலும் கடைசிப் பனியுகத்தில் பனி மூடியிருந்தது. அது பாறையை உராய்ந்த தடங்கள் இன்னும் மேலே இருக்கின்றன.

அடுத்த முறை அந்தப் படம் வந்தால்

இரண்டு படங்களிலும் மாதம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு மட்டும் போதாது. பிறகு பனியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பாறைகளைப் பாருங்கள். ஒரே முகடு, ஒரே பிளவு இரண்டிலும் இருந்தால்தான் அது ஒரே இடம், ஒரே கோணம். பனி விலகிய மலைச்சரிவில் வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தால் அதைக் கவனியுங்கள். பனி அண்மைக்காலம்வரை உரசிக்கொண்டிருந்த பாறையில் பாசியும் செடியும் இன்னும் பிடித்திருக்காது. அந்தப் பட்டையின் மேல்விளிம்புதான் பழைய பனிமட்டம். அங்கிருந்து இப்போதைய பனி எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்தால், கணக்கே போடாமல் இறக்கம் ஓரளவு பிடிபடும்.

பழைய ஃபிலிமுக்கும் ஆயுள் உண்டு. அசிடேட் வகை ஃபிலிம் நாளாக நாளாகச் சிதைந்து புளிக்காடி வாடை வீசும், சுருங்கி நெளியும். நெளிந்த ஃபிலிமிலிருந்து உயரம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று மேலே போட்ட கணக்கே சொல்கிறது. அதனால் ஆவணக் கிடங்குகள் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வருகின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில், இரகசியம் நீங்கிய உளவுப் படங்களில் ஸ்கேன் செய்யப்பட்டவற்றை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அக்காள் மகள் இப்போது அதில் எவரெஸ்ட் பக்கத்துப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துப் பக்கத்துப் படம் இரண்டாக எடு என்று சொல்லியிருக்கிறேன்.